சாப்பாட்டு மேசையில் ஓர் இன்சுலின் ஊசி

கேன்டீன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இரண்டு விதமான ஆட்கள் புத்தி சொல்வார்கள். சமையல் ருசியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பார் ஒருவர். மேலிடத்தோடு வம்பு வைத்துக்கொள்ளாதே, கரண்டியைப் பிடித்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று இரு என்பார் இன்னொருவர். நெய்வேலிச் சுரங்கக் கேன்டீன்களில் நின்று நின்றே என் தலை நரைத்தது. இந்த இரண்டு பேர் பேச்சையும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சௌகரியமாக ஓய்வு பெற்றிருப்பேன். உங்களிடம் சொல்ல மட்டும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

புளி எவ்வளவு கரைப்பது, இட்லி மாவு எப்போது பொங்கும் என்பதையெல்லாம் உங்கள் மாஸ்டர் சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். நாம் பரிமாறும் சோறு சாப்பிடுகிறவர் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதும் நம்முடைய வேலையில் சேர்ந்ததுதான். அதெல்லாம் டாக்டர் பாடு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரை அவர் மாதம் ஒருமுறை பார்க்கிறார். நம்மைத் தினமும் பார்க்கிறார்.

நான் சூப்பர்வைசராக இருந்தது சுரங்கத்துக்குள்ளே, கீழ்மட்டத்தில், தகரக் கூரை போட்ட சின்னக் கேன்டீன். அங்கே அடுப்பு டீக்கு மட்டும்தான். சாப்பாட்டை மேலே பெரிய கேன்டீனில் சமைத்து, அண்டாக்களில் ஏற்றி, வேனில் மண் சாலை வழியாக இறக்கி அனுப்புவார்கள். கேன்டீனை எடுத்து நடத்திய ஒப்பந்தக்காரரின் ஆள் நான். பர்மனென்ட் ஆட்களுக்குச் சோறு போட்ட கான்ட்ராக்ட் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிவேதா அங்கே வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் வடக்குத்து கிராமத்துப் பெண். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தாள். அவளுடைய அப்பா அதே சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் சிந்துகிற மண்ணை அள்ளும் கான்ட்ராக்ட் தொழிலாளி. சாப்பாட்டு வண்டி வருவதற்கு வெகு நேரம் முன்பே வந்து கவுண்டர் எதிரில் நின்றாள்.

"சார், சாப்பாடு எத்தினி மணிக்கு சார் வரும்?"

"அதுக்குள்ள பசிக்குதாம்மா?"

"இல்ல சார். ஊசி போட்டுகினு அரை மணி கழிச்சுதான் நான் சாப்புடணும். வண்டி வர்ற நேரம் தெரிஞ்சா அதுக்கேத்தாப்புல போட்டுக்குவன்."

சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்கை எடுத்தாள். அதற்குள் மருந்துக் குப்பி. ஊசியில் மருந்தை ஏற்றி, வெளிச்சத்தில் பார்த்து, மேல்கோட்டை லேசாக ஒதுக்கி, வயிற்றோரம் போட்டுக்கொண்டாள். தலைவாரிக்கொள்வது போல அத்தனை சாதாரணமாக. பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

சர்க்கரை வியாதி என்றால் வயதானவர்களுக்கு வருவது என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். அவளுக்கு ஆறாவது படிக்கும்போதே வந்துவிட்டதாம். மற்ற சர்க்கரைக்காரர்களுக்கு இன்சுலின் உடம்பில் ஊறும். ஊறியும் சரியாக வேலை செய்யாது. இவளுக்கு ஊறுவதே நின்றுபோனது. சாப்பிடுவதற்கு ஏற்ற அளவு இன்சுலினை அவளே கணக்குப் பண்ணி வெளியிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும். குறைத்துப் போட்டால் சர்க்கரை ஏறிவிடும். கூட்டிப் போட்டால் இறங்கிவிடும். ஏறினால் மெல்ல மெல்லக் கெடுதல். இறங்கினால் அப்போதே ஆபத்து.

வண்டி வந்தது. தட்டோடு நின்றவள் என்னிடம் கேட்டாள்: "ஒரு கரண்டி சாதம்னா எவ்ளோ சார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை வருடத்தில் என்னிடம் உப்பு அதிகம் என்று சண்டை போட்டிருக்கிறார்கள், கறி குறைவு என்று தட்டை வீசியிருக்கிறார்கள். கரண்டி எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை. கரண்டிகளை எடுத்துப் பார்த்தேன். சோற்றுக்கு என்று வைத்திருந்தவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. யார் கையில் எது வருகிறதோ அதுதான் அன்றைய கணக்கு. நமக்குச் சோறு என்றால் சோறுதான். அவளுக்கு அது மருந்தின் அளவு. அன்றைக்கே ஒரே அளவுக் கரண்டிகளாக வாங்கிவரச் சொன்னேன். எதற்கு என்று மேலிருந்து கேட்டார்கள். சோறு போடத்தான் என்று பதில் சொன்னேன்.

அந்த நாட்களில் எனக்குப் பெரிய துணையாக இருந்தவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டயட்டீஷியன் அம்மா ஒருவர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்னுடைய பிரஷர் மாத்திரைக்காகப் போகும்போதெல்லாம் அவர் அறைக்குள் எட்டிப்பார்த்து ஏதாவது கேட்பேன். முகம் சுளிக்காமல் சொல்வார்.

அவர் சொல்லித் தந்தது இவ்வளவுதான். சோறு, இட்லி, சப்பாத்தி, உப்புமா, கேழ்வரகு எல்லாமே மாவு. மாவு எதுவானாலும் வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகும். எவ்வளவு வேகமாக ஆகும் என்பதில்தான் வித்தியாசம். குழைந்த சோறு, உதிரியான சோற்றைவிட வேகமாக ஏறும். கஞ்சி அதைவிட வேகம். அதே சோற்றோடு பருப்பு, காய், முட்டை சேர்ந்தால் ஏறுவது நிதானப்படும். நெய் ஊற்றிய பொங்கல் இருக்கிறதே, அது ஏமாற்றும். சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது, வெகு நேரம் கழித்து ஏறும். பழத்தைக் கடித்துத் தின்பதும் பிழிந்து குடிப்பதும் ஒன்றல்ல. இன்சுலின் ஊறுகிற உடம்பாக இருந்தாலும், ஒரே நேரத்தில் மாவைக் கொட்டினால் அது மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சுரந்து களைத்துப்போகும்.

"பேரைப் பாக்காதீங்க. தட்டைப் பாருங்க" என்பார் அந்த அம்மா.

இதை நான் முதன்முதலில் பயன்படுத்தியது எங்கள் ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளரிடம். அவர் ஒரு நாள் திடீரென்று எங்கள் கேன்டீனில் 'சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும்' என்று பலகை எழுதி, தனிக் கவுண்டர் திறந்துவைத்தார். பெரிய டம்ளர் நிறையக் கேழ்வரகுக் கஞ்சி, தட்டு நிறையக் கோதுமை உப்புமா. போட்டோ எல்லாம் எடுத்தார்கள். அடுத்த வாரத்திலேயே அந்தக் கவுண்டரில் கூட்டம் நெரிந்தது. சர்க்கரைக்கு நல்லது என்று இரண்டு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு, மேலே உப்புமாவும் சாப்பிட்டார்கள். மருந்து சாப்பிடுவது போன்ற திருப்தி முகத்தில். நிவேதா ஒரு டம்ளர் கஞ்சி குடித்து, கொஞ்ச நேரம் கழித்து விரல் நுனியில் குத்தி மெஷினில் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினாள்.

"சோத்தவுட வேகமா ஏறிகினு இருக்கு சார். இதப் போயி மருந்துன்னு குடிக்கறாங்க."

பலகையைக் கழற்றிவிட்டேன். அந்தக் கவுண்டரில் எல்லாருக்குமாகச் சுண்டல், முட்டை, இரண்டு வகைக் காய் வைத்தேன். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிக் கேட்கிறவருக்கு முகம் சுளிக்காமல் கூட்டி வைக்கச் சொன்னேன். மேலாளர் வந்து கத்தினார்.

"பலகையைக் கழட்ட உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

"சார், கஞ்சியில எனக்கு விரோதம் இல்ல. வேணும்னா பலகையில 'கஞ்சி'ன்னு மட்டும் எழுதி வைங்க, மாட்டிடறேன்."

அவர் எழுதித் தரவில்லை. என் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டார்.

நிவேதாவைப் பற்றிய புகார்கள் அதற்குப் பின்னால்தான் வர ஆரம்பித்தன. சோறு தின்கிற இடத்தில் ஊசி போடுகிறாள், பார்க்கச் சகிக்கவில்லை. பெண்பிள்ளை வயிற்றைத் திறந்து காட்டுகிறாள். ஏதோ போதை ஊசியாம் என்றுகூட ஒருவன் கிளப்பிவிட்டான். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணை பாத்ரூம்ல போய்ப் போட்டுக்கச் சொல்லுங்க."

"நீங்க பாத்ரூம்ல போய்ச் சாப்புடுவீங்களா சார்?"

"அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். அந்த ஊசி இல்லாம அவளுக்குச் சோறே இல்ல. நான் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்பது சின்ன வார்த்தை. நம் வேலையில் அதைச் சொல்வதற்கு வாய் வராது. வரவழைத்துக்கொள்ளுங்கள்.

புகார் சொன்னவர்களில் ராஜவேலு அண்ணன் மட்டும் வேறு மாதிரி. மண் வெட்டும் ராட்சத மெஷினில் சீனியர் ஆபரேட்டர். சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பம். தொழிலாளர் சார்பில் கேன்டீன் கமிட்டியில் இருந்தார். அவருக்கு ஊசியைப் பார்த்தால் அருவருப்பில்லை, பயம். நிவேதா சோறு வாங்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நிற்பார்.

"இத்தினி சோறு துன்றியேம்மா, உனக்கு ஆவுமா?"

"அதுக்குத்தான் ஊசி போட்டுகினு வந்திருக்கன் அண்ணா."

ஒருமுறை யாரோ பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து மேசையில் வெட்டினார்கள். நிவேதா கை நீட்டியபோது ராஜவேலு தட்டை இழுத்துக்கொண்டார். அவள் கோபப்படவில்லை. "ரெண்டு சுளை துன்னலாம்னுதான் இன்னிக்குச் சோத்தக் கொறைச்சி வாங்கனன். குடுங்கண்ணா" என்று வாங்கித் தின்றாள். அவர் அன்று முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது விழுவாளோ என்பது போல. அவள் விழவில்லை. எல்லாரும் போட்ட கொட்டைகளைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனாள், குழம்புக்கு.

அவள் விழுந்தது ஐப்பசி மழையில்.

அன்று காலையிலிருந்து விடாத மழை. நிவேதாவும் இன்னும் சிலரும் சேற்றில் நின்று கேபிள் இழுத்திருந்தார்கள். உடம்பு உழைத்தால் அதுவே சர்க்கரையைக் கரைக்கும். பையில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொட்டலம் காலையிலேயே தீர்ந்துவிட்டது. மேல் கேன்டீனிலிருந்து போன் வந்தது: "வண்டி கெளம்பிடுச்சு." எப்போதும் போல அதைக் கேட்டுவிட்டு அவள் ஊசி போட்டுக்கொண்டாள். வண்டி கிளம்பியது உண்மைதான். பாதி வழியில், சரிவில், சக்கரம் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது.

கேன்டீனில் எல்லாரும் ஈரத்தோடு உட்கார்ந்து வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நிவேதா மட்டும் யாரையோ சத்தமாக அதட்டுவது கேட்டது. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ராஜவேலுவைப் பார்த்து, "உனுக்கு என்னா வேணும், போ அந்தாண்ட" என்று ஒருமையில் கத்திக்கொண்டிருந்தாள். மழைக் குளிரில் எங்களுக்கெல்லாம் உடம்பு நடுங்கியது. அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கை, மேசை மேல் தன் போக்கில் உதறியது.

டயட்டீஷியன் அம்மா முன்பே ஒருநாள் சொல்லியிருந்தார்: "இன்சுலின் போட்டவங்க வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமப் பேசினா, முதல்ல சர்க்கரை. கேள்வியெல்லாம் அப்புறம்."

டம்ளரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். அவள் வாயருகே கொண்டுபோவதற்குள் ராஜவேலு என் கையைத் தட்டிவிட்டார். டம்ளர் உருண்டு ஓடியது.

"யோவ், கொல்லப் பாக்கறியா? சுகரு ஏறிப்போயி மயக்கத்துல கெடக்குது பொண்ணு. அதுக்குச் சக்கரையக் கரைச்சிகினு வர!"

சுற்றிலும் எல்லாரும் அவர் பக்கம். ஒருவர் மோர் கொடுங்கள் என்றார். ஒருவர் தன் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்தார். அதில் வெல்லம் இருக்கிறதுதான். ஆனால் கடலையின் எண்ணெய்ப் பசை அதை உடம்பில் சீக்கிரம் சேரவிடாது, நமக்கு வேகம் வேண்டும். இன்னொருவர் முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். அது மேலே இருந்தது. போகிற வழியும் அந்தச் சரிவுதான். யாரோ மேலாளருக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார்கள்.

"ஒண்ணும் குடுக்காதீங்க. ஆம்புலன்ஸ் வரட்டும். ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

"சரி சார், நான்தான் பொறுப்பு" என்று சொல்லி போனை வைத்தேன்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இதுபோன்ற ஒரு நேரம் உங்களுக்கும் வரும். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. அவளுடைய விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் வேலை செய்யும் இடத்தில் லாக்கரில் இருந்தது. சர்க்கரை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் ஊசி போட்டாள், சாப்பிடவில்லை, காலையெல்லாம் உழைத்தாள். இந்த மூன்றும் எனக்குத் தெரியும். ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்து, சர்க்கரை ஏறித்தான் இருந்தால், ஒரு டம்ளர் இன்னும் கொஞ்சம் ஏற்றும், ஆஸ்பத்திரியில் இறக்கிவிடலாம். ஆனால் இறங்கியிருக்கும்போது கொடுக்காமல் விட்டால்? அதைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது. இரண்டு தப்பில் எந்தத் தப்பைச் சரிபண்ண முடியும் என்று பார்த்தேன். முடிவு கிடைத்துவிட்டது.

ராஜவேலுவை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். என்னைவிட ஒன்றரை மடங்கு இருப்பார். அவரே எதிர்பார்க்கவில்லை, பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது டம்ளர் கலக்கினேன். "நிவேதா, என்னைப் பாரும்மா. முழுங்கு" என்றேன். முழுங்கினாள். முழுங்க முடிந்ததால்தான் கொடுத்தேன். இதை மறக்காதீர்கள்: நினைவு தப்பிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். அப்போது ஆம்புலன்ஸ் ஒன்றுதான் வழி. அவளுக்கு முழுங்குகிற நினைவு இருந்தது. பாதி வாயில், பாதி கோட்டில். இன்னொரு டம்ளரும் கொடுத்தேன்.

தகரத்தில் மழைச் சத்தம் மட்டும். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கை உதறுவது நின்றது. கண் ஒரு இடத்தில் நிலைத்தது. சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தாள். கோட்டில் பிசுபிசுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"சார், வண்டி வந்துதா?"

ராஜவேலு எழுந்து வெளியே போனார். மழையில் தலையில் துண்டுகூடப் போடாமல் நின்றார். பிறகு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சரிவுக்குப் போய் வேனைத் தள்ளிக்கொண்டு வந்தது அவர்தான். வேனிலிருந்து முதல் தட்டுச் சோற்றை வாங்கிக்கொண்டு வந்து நிவேதா முன்னால் வைத்தார். ஆம்புலன்ஸ் அதற்கும் பின்னால்தான் வந்தது.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. நிவேதாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். மேலாளர் எல்லாவற்றையும் முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தார். இனி அந்தப் பெண் கீழ்க் கேன்டீனில் சாப்பிடக்கூடாது. மேலே முதலுதவி அறையில் ஊசி போட்டு அங்கேயே சாப்பிட வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கேட்பதற்கு அக்கறை மாதிரி இருக்கும். ஆனால் மேலே சாப்பிட வேண்டும் என்றால் அவள் கீழே வேலை செய்ய முடியாது. கீழே வேலை செய்யாத எலக்ட்ரீஷியன், மேலே ஆபீசில் பைல் தூக்கிக்கொண்டு அப்ரண்டிஸ் காலத்தை ஓட்ட வேண்டியதுதான். அதன் பிறகு எந்தக் கம்பெனி அவளை வேலைக்கு எடுக்கும்?

நிவேதா எழுந்தாள். "எழுதித் தர மாட்டன் சார்."

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றோம். உனக்கு வியாதி. அதனால மயக்கம் வந்தது."

"வியாதி இருக்கறதால மயக்கம் வரல சார். சோறு வராததால வந்துது. வண்டிய மாத்துங்க. என்னை ஏன் மாத்தறீங்க?"

மேலாளர் ராஜவேலுவைப் பார்த்தார். அவர் தன் பக்கம் பேசுவார் என்று நம்பியிருந்தார். ராஜவேலு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கண்ணனுக்கும் சக்கரைதான்" என்று ஆரம்பித்தார். "ஊசி போட்டுகினு இருந்தான். சோறு துன்னா சக்கரை ஏறிடும்னு பயம். ஊசியப் போட்டுகினு, சோத்தத் தொடாமப் படுத்துக்குவான். ஒருநாள் இப்பிடித்தான், வேர்த்துக் கொட்டுச்சு, வாய்க்கு வந்தபடி பேசனான். வெல்லத் தண்ணி கேட்டான். நாங்க குடுக்கல. சுகர்காரனுக்கு யாரு வெல்லம் குடுப்பாங்க? நான்தான் அவன் கையைப் புடிச்சிகினு இருந்தன். போயிட்டான். சுகரு ஏறிப் போயிட்டான்னு இத்தினி வருசமா ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தன்."

ராஜவேலு என் பக்கம் கையைக் காட்டினார்.

"அன்னிக்கி இவரு கைய நான் தட்டி வுட்டன். இவரு என்னைத் தள்ளிட்டாரு. தள்ளலன்னா, சக்கரை எறங்குனாலும் ஆளு போயிடும்னு எனக்கு ரெண்டாவது தபாவும் தெரிஞ்சிருக்காது." நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு கீழதான் சாப்புடும். அங்கதான் ஊசி போடும். இதுக்கு மேல எழுதச் சொன்னீங்கன்னா, எங்க ஆளுங்க ஒருத்தனும் உங்க சோத்தத் தொட மாட்டான்."

எழுதிக் கொடுக்கச் சொன்ன பேச்சு அன்றோடு முடிந்தது. கீழ்க் கேன்டீனில் வாழைப்பழமும் ரொட்டியும் எப்போதும் இருப்பில் வைக்க வேண்டும், கவுண்டரில் குளுக்கோஸ் டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. நானும் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன்: அண்டா கண்ணில் படாமல் 'சாப்பாடு வருகிறது' என்று யாரிடமும் சொல்லக்கூடாது. நீங்களும் சொல்லாதீர்கள். கிளம்பிய வண்டி எல்லாம் வந்து சேர்ந்த வண்டி அல்ல.

நிவேதா தன் அப்ரண்டிஸ் காலத்தைக் கீழேயே முடித்தாள். இப்போது கடலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ராஜவேலு அண்ணன் அவள் கிளம்புகிற வரைக்கும் சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்து, எது ஏறும், எது இறங்கும் என்று பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஷிப்டில் யாருக்காவது சுகர் என்று தெரிந்தால் அவரே போய் நின்று அந்தப் பாடத்தை ஒப்பிப்பார். அண்ணனைப் பற்றி மட்டும் மறுபடி பேசியதில்லை.

என்னை மேலாளர் விடவில்லை. மேலதிகாரி சொல்லைக் கேட்காமல் போனை வைத்தது, ஒரு தொழிலாளியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது என்று காரணம் சொல்லி, டவுன்ஷிப்பில் எங்கள் நிறுவனமே நடத்திய ஒரு விருந்தினர் விடுதிச் சமையலறைக்கு மாற்றிவிட்டார். தள்ளு வாங்கியவரே புகார் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. போய் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவியுங்கள், சரியாகிவிடும் என்று என் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். எதற்கு வருத்தம்? நான் போகவில்லை. மரங்கள் அடர்ந்த அமைதியான தெருவில், மிச்சமிருந்த வேலைக் காலத்தை வெளியூரிலிருந்து வரும் பெரிய மனிதர்களுக்கு இலை போட்டுக் கழித்தேன்.

அங்கே ஒருமுறை ஏதோ ஆய்வுக்காக ஒரு பெரிய அதிகாரி வந்து தங்கினார். எங்கள் மேலாளர் பக்கத்திலேயே நின்று கவனித்துக்கொண்டார். சாப்பாடு தயார் என்றதும் அந்த அதிகாரி கை கழுவப் போய் வெகு நேரம் வரமாட்டார். சோறு ஆறிப்போகும். இரண்டாவது நாள் அவர் எழுந்தபோது சட்டைப் பையில் பேனா வடிவ இன்சுலின் ஊசியைப் பார்த்துவிட்டேன்.

"ஐயா, எதுக்கு அங்க போய் நின்னுக்கிட்டு? தரையெல்லாம் ஈரமா இருக்கு. இங்கயே உக்காந்து போட்டுக்குங்க" என்றேன்.

அவர் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். மேலாளரின் முகம் வெளிறிவிட்டது. அதிகாரி திரும்பி வந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"இன்னிக்கி என்னென்ன சாப்பாடு? பாயசம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க. சின்னக் கிண்ணத்துல வைக்கறேன். வேணும்னா சோத்தக் கொறைச்சுக்கலாம். முழுசும் கேட்டுட்டு அளவு வைங்க" என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பேனாவைத் திருகி அளவு வைத்து, எல்லார் எதிரிலும் போட்டுக்கொண்டார். முகத்தில் ஏதோ பெரிய சுமை இறங்கின மாதிரி இருந்தது.

மேலாளர் கையில் தண்ணீர் ஜாடியோடு நின்றிருந்தார்.

"சார், ஐயாவுக்குத் தண்ணி வைங்க" என்றேன்.

வைத்தார்.